சொல்லில்லாத பாட்டுக்கு நாலு பக்க விளக்கமாம்

தம்பி, இஞ்ச வா. அந்தக் கதிரையை இழுத்துப் போட்டு இரு. தேத்தண்ணி வரும்.

நீ என்னமோ புதுசா ஒண்டு மேடையேத்தப் போறியாம். ஊரே கதைக்குது. இசை அரங்காம், ஆனா பாட்டில சொல் கிடையாதாம். கதையும் கிடையாதாம். பத்துப் பேர் வரிசையா நிண்டு ஊ எண்டும் ஆ எண்டும் குரல் எழுப்புவாங்களாம். பின்னால வெள்ளைச் சீலையில கடலும் முகிலும் ஓடுமாம். பாத்த சனம் உருகிப் போகுமாம்.

உருகட்டும். ஆர் வேணாம் எண்டது? கிழவன் கேக்கிறது ஒண்டுதான். சொல்லே வேணாம் எண்டு முடிவெடுத்தவன், வாசல்ல குடுக்க நாலு பக்கத்தில விளக்கம் ஏன் அச்சடிச்சாய்?

அந்தத் தாளை உன்ட அம்மா கொண்டு வந்து தந்தா. கண்ணாடியைப் போட்டும் வாசிச்சன், கழட்டியும் வாசிச்சன். இருத்தலின் இடைவெளியில் குரல் தன்னைத் தானே விசாரணை செய்கிறதாம். தம்பி, இந்தத் திருகோணமலையில விசாரணை எண்டு வந்தவங்களை நான் கனக்கக் கண்டவன். அவங்க தாள் குடுத்திட்டு வாறதில்ல.

கோவிக்காத. தேத்தண்ணியைக் குடி. கிழவனுக்குப் புதுசு எண்டா ஆகாது எண்டு நினைச்சிடாத. எனக்கு ஆகாதது புதுசில்ல. பழசைப் புதுசு எண்டு விக்கிறதுதான் ஆகாது.

சொல்லில்லாத குரல் ஏதோ கப்பலில வந்த சரக்கு எண்டு ஆர் உனக்குச் சொன்னது? விடியக்காத்தால எழும்பி நிலாவெளிப் பக்கம் கரைவலை இழுக்கிற இடத்தில போய் நில். எழும்புவியா எண்டது வேற கேள்வி. தோணி வலையைக் கொண்டு போய்க் கடலில அரைவட்டமா விட்டிட்டு, மறுகயித்தோட கரைக்கு வரும். ரெண்டு கயிறு, ரெண்டு பக்கமும் ஆள். இடுப்பைச் சாய்ச்சு, குதிக்காலை மணலுக்க புதைச்சு, ஒரே மூச்சில இழுக்க வேணும். ஆளாளுக்கு ஒரு நேரத்தில இழுத்தா வலை வராது, கயிறுதான் கையை அறுக்கும். அதுக்குத்தான் அம்பாப் பாட்டு. ஒருத்தன் முன்னுக்குக் குரல் எடுப்பான். மத்தவங்க ஏலேலோ எண்டு வாங்குவாங்க. முன்னுக்குப் பாடுறவன் சொல்லும் போடுவான்தான். வலைக்காரச் சம்மாட்டியை நக்கலடிப்பான், சாமியைக் கூப்பிடுவான், வீட்டில இருக்கிறவளையும் ரெண்டு ஏசுவான். ஆனா வலையை இழுக்கிறது அந்தச் சொல் இல்ல. ஏலேலோதான் இழுக்குது. அதுக்கு என்ன கருத்து எண்டு எந்தச் சம்மாட்டியும் கேட்டதில்ல. வலையின்ட மடி கரைக்கு வந்து சேந்தா, அதுதான் கருத்து.

இன்னொண்டையும் பார். வலை தூரத்தில கிடக்கைக்க குரலை நீட்டி இழுப்பாங்க. மடி கிட்ட வரவரச் சுருங்கும். கடைசியில பாட்டு இல்ல, வெறும் மூச்சுத்தான். மீன் துள்ளுறது தெரிஞ்ச உடன அதுவும் நிண்டு போகும். எங்க நீட்ட வேணும், எங்க நிப்பாட்ட வேணும் எண்டு இதைச் சொல்லிக் குடுத்தது ஆர்? கயிறு. பேந்து சில கரையில உழவு இயந்திரத்தைக் கட்டியும் இழுத்தாங்க. அதுவும் சொல்லில்லாத குரல்தான், தம்பி. ஆனா வாங்கிப் பாட ஒருத்தனும் இல்ல.

ஆராரோ எண்டதுக்கு அகராதியில கருத்துத் தேடிப் பாத்தா பிள்ளை நித்திரை கொள்ளுது? கோயிலில பொம்பிளையள் குரவை போட்டால் அதுக்கு ஒரு உரையாசிரியர் வேணுமா? சரி, இதெல்லாம் உனக்குத் தெரியும். தெரிஞ்சும் மறந்து போன ஆள் நீ. கூத்துக்கு வருவம்.

கொட்டியாரப் பக்கம் சேனையூர், கட்டைபறிச்சான், சம்பூர் எண்டு கூத்து ஆடின ஊர்கள் கிடக்கு. உனக்கு அது ஒரு பரீட்சைப் பாடம். எங்களுக்கு அது ஒரு முழு இரவு. வட்டக்களரி. சுத்தி வரச் சனம், சனத்துக்குப் பின்னால இருட்டு. முன்னம் தீப்பந்தம், பேந்து பெற்றோமக்ஸ். அண்ணாவியார் மத்தளத்தோட நிப்பார், பக்கத்தில சல்லரி. ரெண்டு பேர் ஒரு வெள்ளைச் சீலையைப் பிடிச்சுக்கொண்டு நிப்பாங்க. சீலைக்குப் பின்னால ஆள் தெரியாது. சதங்கை மட்டும் கேக்கும். அண்ணாவியார் தாளக்கட்டைச் சொல்லுவார். அதில ஒரு சொல்லுக்கும் கருத்தில்ல. தாவும் தெய்யும் தகதிமியும்தான். ஆனா அதைக் கேட்ட உடன, பாயில சரிஞ்சு கிடந்த ஆச்சி கண்ணைத் திறக்காமலே சொல்லுவா, வாறது ராசா எண்டு. இல்லையெண்டா கட்டியகாரன் எண்டு. ஒவ்வொரு ஆளுக்கும் ஒவ்வொரு வரவுத் தாளம். முகம் தெரிய முன்னமே ஆள் வந்திட்டான்.

சொல்லில்லாத குரலும் கிடக்கு, வெள்ளைச் சீலையும் கிடக்கு. பேந்து உனக்கும் அண்ணாவியாருக்கும் என்ன வித்தியாசம்? ஆச்சிக்கு விளங்கினதுதான் வித்தியாசம்.

எப்பிடி விளங்கினது? ஆச்சி பள்ளிக்கூடம் போகாதவ. நாலு பக்கம் எழுதிக் குடுத்தாலும் அடுப்புத்தான் மூட்டுவா. ஆனா நாள் பாத்து ஆடுறவங்களுக்குப் பாட்டுச் சட்டம் குடுத்த அண்டையில இருந்து அவ கேட்டுக்கொண்டு இருக்கிறா. ஆட்டம் பழக்கிறது வீட்டுக்குப் பின் வளவில. பிழை விட்டவனுக்கு அண்ணாவியார் ஏசுறது அடுப்படி வரைக்கும் கேக்கும். சதங்கை அணியிற அண்டைக்குப் போய்ப் பாப்பா. ஒத்திகையா அடுக்குப் பாக்கிற அண்டைக்கும் போவா. அரங்கேத்தத்துக்கு வரைக்க அவ பாதி அண்ணாவி. மாசக்கணக்காச் சனம் கேட்டுப் பழகின சங்கதி அது. நீ என்ன செய்யிறாய்? குளிரூட்டின மண்டபத்தைப் பூட்டி வைச்சு, ஆருக்கும் காட்டாமப் பழகுறாய். பேந்து ஒரே ராவில கொண்டு வந்து சனத்தின்ட தலையில கொட்டுறாய். விளங்காமப் போயிடுமோ எண்டு பயம். அந்தப் பயத்தைத்தான் தாளில அச்சடிச்சு வைச்சிருக்கிறாய்.

வெளிநாட்டில செய்யிறாங்களே எண்டு சொல்லுவாய். சொல்லு. எனக்கும் பேரன் ஒருத்தன் கனடாவில இருக்கிறான், போனில படம் போட்டுக் காட்டினவன். பிலிப் கிளாசும் ரொபேர்ட் வில்சனும் சேந்து போட்ட 'ஐன்ஸ்டீன் ஒன் த பீச்'. 1976ல பிரான்சில அவிஞ்ஞோனில தொடங்கி, அதே வருசம் நியூயோர்க்கில பெரிய ஒப்பெரா மாளிகையில போட்டது. அஞ்சு மணித்தியாலம். இடைவேளை கிடையாது. பாட்டுப் பாடுறவங்க பாடுறது என்ன தெரியுமா? ஒண்டு, ரெண்டு, மூண்டு எண்டு இலக்கம். இல்லையெண்டா டோ, ரே, மி எண்டு சுரத்தின்ட பேர். சனம் விரும்பின நேரம் எழும்பிப் போகலாம், விரும்பின நேரம் திரும்பி வரலாம். அதை அங்க புரட்சி எண்டாங்க. எங்கட ஊரில ராவு ஒம்பதுக்குத் தொடங்கி விடியக்காத்தால முடியிற கூத்தில, இடையில எழும்பி வெத்திலை போட்டு, ஒரு குட்டி நித்திரை கொண்டு, ராசா செத்தாரோ எண்டு கேட்டுக்கொண்டு திரும்பி வந்து குந்தினவங்களை என்னெண்டு சொல்லுறது? பட்டிக்காட்டான் எண்டு சொன்னாங்க.

அந்தக் கிளாஸ் ஆரிட்டப் படிச்சார் எண்டு கேள். பாரிசில 1960களில ரவிசங்கர் ஒரு படத்துக்கு வாசிக்கைக்க, அதை வெள்ளைக்காரன்ட எழுத்தில எழுதிக் குடுக்கப் போனவர். தாளம் எண்டா என்னெண்டு ரவிசங்கரிட்டயும் தபேலா அல்லா ரக்காவிட்டயும்தான் பிடிச்சுக்கொண்டார். இஞ்ச இருந்து போனது, சுத்திச் சுத்தி, உன்ட மடிக்கணினியில வந்து இறங்கியிருக்கு.

ஆனா அந்த மனிசனில எனக்கு ஒரு மரியாதை. நியூயோர்க்கில அந்த நாடகம் போட்டு மண்டபம் நிறைஞ்சது, கடனும் நிறைஞ்சது. பேந்தும் டாக்சி ஓட்டித்தான் சீவிச்சார். தண்ணிக் குழாய் பொருத்துற வேலையும் பாத்தவர். வயித்துப்பாட்டுக்குக் கை அழுக்காக்கினவன் சனத்தை ஏமாத்தினாலும் ஒரு அளவோடதான் ஏமாத்துவான்.

அங்கயே மெரடித் மொங்க் எண்டு ஒரு அம்மா இருக்கிறா. 1991ல ஹியூஸ்டனில 'அட்லஸ்' எண்டு ஒரு ஒப்பெரா போட்டவ. அங்கொண்டும் இங்கொண்டும் சொல் வரும், மத்ததெல்லாம் குரல்தான். சிரிப்பு, விக்கல், பறவைச் சத்தம், முனகல். அலெக்சாண்ட்ரா டேவிட்-நீல் எண்டு ஒரு பயணக்காரி, 1911ல இலங்கைக்கும் வந்து போனவ, 1924ல வேசம் மாத்திக்கொண்டு திபெத்தில லாசாவுக்குள்ள போனவ. அவவின்ட சீவியத்தை நினைச்சுக் கட்டின கதை அது. கவனிச்சியா? கதை இருக்கு. வீட்டை விட்டுப் போற ஒரு பெட்டை, வழி, மலை, திரும்பி வாற கிழவி. பாஷை தெரியாத ஊருக்குப் போறவளுக்குச் சொல் எதுக்கு எண்டு அந்த அம்மாவுக்கு ஒரு நியாயம் கிடக்கு. உன்ட நியாயம் எது?

நான் சொல்லட்டா? உனக்கு இந்த ஊரில அதைவிட நல்ல நியாயம் ஒண்டு கிடக்கு, நீதான் காணல்ல. எந்தச் சனமும் பாதிக்கு மேல இல்லாத மாவட்டம் இது. மீன் சந்தையில போய் நில். ஒரு சூரை மீனைச் சுத்தித் தமிழ் ஆளும் சோனகரும் சிங்களவரும் நிண்டு விலை பேசுவாங்க. விரலும் புருவமும் உச்சுக் கொட்டுறதும்தான் பேச்சு. யாவாரம் நடக்குதா இல்லையா? நாடகத்துக்கு வசனம் எழுதினா எந்தப் பாஷையில எழுதுவாய்? ஒரு பாஷையில எழுதினா மத்தவன் வீட்டில. சொல்லை எடுத்து எறிஞ்சா எல்லாரையும் ஒரே மணலில இருத்தலாம். அதுக்காகச் சொல்லை விட்டாய் எண்டு சொல்லு, கிழவன் எழும்பி நிண்டு கை தட்டுறன். ஆனா உன்ட விளக்கத் தாள் ஆங்கிலத்தில ரெண்டு பக்கம், ஆங்கிலத்தை விட விளங்காத தமிழில ரெண்டு பக்கம். கிண்ணியா ஆள் அதை என்ன செய்யிறது? சிங்கள மனிசி என்ன செய்யிறது? கதவைத் திறந்து வைச்சிட்டு வாசல்ல முள்ளுக் கம்பி அடிச்சிருக்கிறாய்.

சொல்லை விட வேண்டிய காலமும் இருந்தது. ஊரடங்கும் சோதனைச்சாவடியுமா இருந்த நாளில எங்கட அரங்கக்காரர் கன விசயத்தை உடம்பாலயும் குறியீட்டாலயும்தான் சொன்னாங்க. 1965ல யாழ்ப்பாணத்தில திருமறைக் கலாமன்றத்தைத் தொடங்கின மரியசேவியர் அடிகள் வார்த்தை இல்லாத நாடகமும் போட்டுப் பாத்தவர். அந்தச் சனத்துக்கு ஆரும் விளக்கம் அச்சடிச்சுக் குடுக்க வேண்டி இருந்திருக்குமா? வீட்டில இருந்து வரைக்கயே முழு விளக்கத்தையும் நெஞ்சுக்க கொண்டு வந்த சனம் அது.

புதுசு செய்யாத எண்டு நான் சொல்ல மாட்டன். பேராசிரியர் வித்தியானந்தன் ஊர் ஊராப் போய் அண்ணாவிமாரைத் தேடிப் பிடிச்சு, விடிய விடிய ஆடுற கூத்தைச் சுருக்கிப் பேராதனை மேடையில ஏத்தினவர். 1962ல 'கர்ணன் போர்', பேந்து 'நொண்டி நாடகம்', 1964ல 'இராவணேசன்'. எங்கட கோணமலையில வெட்டுப் போட்டவன் எண்டு நாங்க சொல்லுற அதே இராவணன்தான். இராவணனா ஆடினது மட்டக்களப்பில இருந்து படிக்கப் போன மௌனகுரு. வட்டக்களரி போய்ச் சதுர மேடை வந்தது, பெற்றோமக்ஸ் போய் மின்சார வெளிச்சம் வந்தது. கிழடுகள் அப்பவும் முணுமுணுத்ததுதான். கூத்தைக் கொத்திப் போட்டாங்கள் எண்டு ஒப்பாரி வைச்சதுதான். ஆனா மத்தளம் விழுந்த உடன முணுமுணுத்த கிழடுக்கும் கால் ஆடினது. அதுதான் கணக்கு. கால் ஆடினதா இல்லையா?

நீ அவங்களிட்ட எடுக்க வேண்டியது அதை. எடுத்தது என்ன? மேடையையும் வெளிச்சத்தையும்.

இப்ப படத்துக்கு வருவம். புறொஜெக்டர் வாடகைக்கு எடுத்திருக்கிறியாம். கடற்கரையில திரை கட்டி, அதில கடலைக் காட்டப் போறியாம். தம்பி, நான் கன பைத்தியத்தைக் கண்டவன். கடலுக்குப் பக்கத்தில நிண்டுகொண்டு, கடலை மறைச்சுச் சீலை கட்டி, அந்தச் சீலையில கடலைக் காட்டுறவனை இண்டைக்குத்தான் காணுறன். சனம் சீலைக்கு இந்தப் பக்கம் இருக்குமா, அந்தப் பக்கம் போயிடுமா?

காட்டுறதெண்டா கண்ணுக்குத் தெரியாததைக் காட்டு. 1620களில போர்த்துக்கீசர் கோணேசர் கோயிலை இடிச்சுக் கல்லைக் கோட்டைக்கு எடுத்தாங்க. மிச்சம் கடலுக்குள்ள போச்சு. 1956ல மைக் வில்சனும் ஆர்தர் சி. கிளார்க்கும் மலையடியில சுழியோடி, தூணும் செதுக்கின கல்லும் கீழ கிடக்கிறதைக் கண்டாங்க. மேல நிண்டு கும்பிடுற சனத்தில எத்தினை பேர் அதைக் கண்ணால கண்டது? கடலுக்கு அடியில கிடக்கிற கோயிலை நீ அந்தச் சீலையில தூக்கி நிறுத்து, அதுக்குச் சொல்லில்லாத ஒரு குரலைக் குடு. ஆர் விளக்கம் கேக்கப் போறான்?

ஆனா மலையிலயே படம் அடிக்கிறன் எண்டு வெளிக்கிடாத. ஆரோ உனக்கு அந்தப் புத்தி சொல்லிக் குடுத்திருக்கிறாங்க போல. முதல் விசயம், அது கோயில் மலை, உன்ட திரை இல்ல. ரெண்டாவது, அந்தக் கல்லு வெளிச்சத்தைக் குடிச்சிடும், பாக்கிறவனுக்கு ஒண்டும் தெரியாது. கடற்கரையில கட்டினாலும் காத்தைக் கேட்டுக் கட்டு. கச்சான் காத்துக் காலத்தில கட்டினா உன்ட சீலை பாய் மாதிரி ஊதிக்கொண்டு புறொஜெக்டரையும் இழுத்துக்கொண்டு கடலுக்குப் போயிடும். பறுவத்தில வைக்காத, நிலவு உன்ட படத்தைத் தின்னும். உப்புக் காத்து கண்ணாடியில படியும், துடைக்க ஒரு ஆளை வை. ஜெனரேட்டரைத் தள்ளி வை. இல்லாட்டி உன்ட பத்துப் பேரோட பதினோராவது குரலா அதுதான் பாடும், மத்தவங்களை விட நல்லாவும் பாடும்.

விளக்கத் தாளைக் கோட்டைப் பக்கம் கொண்டு போகாத. அங்க திரியிற புள்ளிமான் கடுதாசியைக் கண்டா விடாது. ஒண்டு சொல்லுறன், உன்ட தாளை முழுசா உள்வாங்கிற முதல் வாசகன் அதுவாத்தான் இருக்கும்.

இனிச் சிரிப்பில்லாமக் கேள். குரல் எண்டு சொல்லிக்கொண்டு நீ எடுக்கிற சாமான் லேசானதில்ல. 1942 சித்திரை 9ல ஜப்பான்காரன் இந்தத் துறைமுகத்துக்குக் குண்டு போட்டான். சீனக்குடாவில எண்ணெய்த் தாங்கி எரிஞ்சது. எங்கட அப்பு சொல்லுவார், குண்டை விட அந்தச் சைரன்தான் கனகாலம் காதுக்க கிடந்தது எண்டு. அதிலயும் ஒரு சொல் இல்ல. ஆனா கேட்டவன் ஒருத்தனும் இதன் உட்பொருள் என்னெண்டு கேட்டு நிக்கல்ல. 2004 மார்கழி 26 காலையில கடல் உள்ளுக்கு வரைக்க, கரையில நிண்டவங்க வசனம் பேசல்ல. ஒரு கத்தல். அந்தக் கத்தலைக் கேட்டுத் திரும்பிப் பாத்து ஓடினவன் இருக்கிறான், கேட்டும் நிண்டவன் இல்ல. பேந்து நாள் கணக்கா வீட்டு வாசல்களில கேட்ட குரலை நான் உனக்குச் சொல்லிக் காட்ட மாட்டன். இந்தக் கரையில ஊ எண்டு ஒருத்தி குரல் எடுத்தால், இருக்கிற சனத்தில பாதிக்கு அது வேற எங்கயோ போய்த் தட்டும். நீ பரீட்சார்த்தம் எண்டு நினைச்சுக் கத்துறதை ஒரு தாய் எப்பிடிக் கேப்பா எண்டு யோசிச்சியா? யோசிச்சுக் கத்தினா அது கலை. யோசிக்காமக் கத்தினா உன்னை நான் முதுகில ரெண்டு போடுவன், அவ்வளவுதான்.

முகத்தைத் தொங்கப் போடாத. இன்னும் பகிடி கிடக்கு. உன்ட அழைப்பிதழைப் பாத்தன். மங்கல விளக்கேற்றல். தமிழ்த்தாய் வாழ்த்து. வரவேற்புரை. ஆசியுரை, அதில மூண்டு பேர். தலைமையுரை. வாழ்த்துரை, அதில அஞ்சு பேர். சிறப்புரை. பிரதம அதிதி உரை. பொன்னாடை போர்த்தல். நினைவுச்சின்னம் வழங்கல். அதுக்குக் கீழ, பொடி எழுத்தில, வார்த்தைகளற்ற அரங்க ஆற்றுகை. ஐயோ தம்பி! நாப்பது நிமிசம் பேசாம இருக்கிறதுக்கு ரெண்டு மணித்தியாலம் பேசியே ஆக வேணுமா? பிரதம அதிதி பிந்தித்தான் வருவார். வந்து, மௌனத்தின் மகத்துவத்தைப் பத்தி முக்கால் மணித்தியாலம் முழங்குவார். பேந்து அவசர வேலை எண்டு, ஆற்றுகை தொடங்க முன்னம் போயிடுவார். அவரோட முன்வரிசையும் எழும்பிப் போகும். ஐன்ஸ்டீன் நாடகத்தில எழும்பிப் போகலாம் எண்டது வேற, இது வேற.

முடிஞ்ச உடன கலந்துரையாடலும் வைச்சிருக்கிறாய். அங்க என்ன நடக்கும் எண்டு நான் இப்பவே சொல்லட்டா? ஒரு ஐயா எழும்பி, விளங்கல்ல தம்பி எண்டு உண்மையைச் சொல்லுவார். உன்ட கூட்டாளி ஒருத்தன் பின்னால நிண்டு, கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை எண்டு குசுகுசுப்பான். பழமொழி சரிதான். ஆனா கற்பூரம் எண்டு கொண்டு வந்தவன் அது கற்பூரம்தானா எண்டு மணந்து பாத்தவனா? இன்னொருத்தர் எழும்பி, பின்நவீனத்துவம் எண்டு தொடங்கிக் கால்மணித்தியாலம் கதைப்பார். உனக்கும் விளங்காது, ஆனா தலையாட்டுவாய். விளங்கல்ல எண்டு சொன்ன அந்த ஐயாவைக் கூப்பிட்டு, எந்த இடத்தில கொட்டாவி வந்தது எண்டு கேள். கொட்டாவி பொய் சொல்லாது. அந்த இடத்தை வெட்டு.

சரி, என்ன செய்யச் சொல்லுறன்? பழகிறதை மண்டபத்தில இருந்து வெளியால எடு. டச் பே கடற்கரையில பின்னேரத்தில வைச்சுப் பழகு. சனம் காத்து வாங்க வரும், கடலைக்காரன் வருவான், பட்டம் விடுற பொடியள் வருவாங்க. முதல் நாள் சிரிப்பாங்க. ரெண்டாம் நாள் நெளிச்சுக் காட்டுவாங்க. ஒரு கிழமை போனா, நீ ஊ எண்டு தொடங்க முன்னம் பொடியள் தொடங்குவாங்க. அவங்க எந்த இடத்தைப் பிடிச்சுக்கொள்ளுறாங்களோ அதை வைச்சிரு, பிடிக்காததைத் தள்ளு. கரைவலைக்காரன் ஒருத்தனைக் கூட்டிக்கொண்டு வந்து இருத்து. மூச்சு எங்க விட வேணும் எண்டு அவனுக்கு உன்னை விடத் தெரியும். கொட்டியாரப் பக்கம் மத்தளம் தெரிஞ்ச வயசாளி ஒருத்தரையும் தேடிப் போ, வெத்திலை பாக்கோட போ. உன்ட சான்றிதழை வீட்டில வைச்சிட்டுப் போ.

யாழ்நூல் எழுதின விபுலாநந்த அடிகள் இந்த ஊர் இந்துக் கல்லூரியைப் பாத்து நடத்தினவர். விஞ்ஞானம் படிச்ச மனிசன், சேக்ஸ்பியரைப் படிச்சு 'மதங்க சூளாமணி' எழுதினவர். வெளியில இருந்து எடுக்கிறது குற்றமில்ல. எடுத்துக்கொண்டு வந்து வைக்கிற இடத்தில நிலம் எப்பிடிக் கிடக்கெண்டு பாத்தியா எண்டதுதான் கேள்வி.

அழைப்பிதழில கிடக்கிற உரை எல்லாத்தையும் வெட்டு. விளக்கை ஏத்தினா போதும், அதுக்கும் சொல் தேவையில்ல. நேரத்தைப் பத்தியும் ஒரு புத்தி சொல்லுறன், கேள். முன்னம் மூதூர்ச் சனம் ரவுணுக்கு வர லோஞ்ச் பாக்க வேணும். பாலங்கள் திறந்தாப்பிறகு றோட்டால வரலாம். வரத்தான் வழி கிடக்கு, ராவு பிந்தினா திரும்பிப் போக பஸ் கிடையாது. ஏழு மணி எண்டு போட்டால் எட்டரைக்குத் தொடங்கிறது எங்கட வழக்கம். ஆறுக்குப் போட்டு, ஆறுக்கே தொடங்கி, கடைசி பஸ்ஸுக்கு முன்னம் சனத்தை விடு. பஸ் நேரத்தை நாளைக்கே டிப்போவில போய்க் கேட்டு எழுதிக்கொண்டு வா.